மரத்தின் அந்தப் பக்கம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வயிறு நிறைந்துவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரிவதில்லை. ஒருவன் மலை ஏறுகிறான். ஏறி முடித்ததும் இறங்குகிறான், அதற்கு ஒரு கைதட்டல். ஒருவன் விடிவதற்கு முன் எழுந்து நாயோடு ஓடுகிறான். நாய்க்கு வேறு வழியில்லை, இவனுக்கு என்ன கேடு? மாமனாருக்கு வாய்த்த மருமகன் அணிலைப் படம் பிடிக்கிறவன். கூரையில் ஓடினால் துடைப்பத்தைத் தூக்க வேண்டிய ஜந்து. அதற்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை, மீசை வைத்தவன், நாளை தகப்பனாகப் போகிறவன், முழங்காலில் மண் ஒட்ட மண்டியிட்டு, குழாய் மாதிரி ஒரு லென்ஸை நீட்டிக்கொண்டு, மூச்சுகூட விடாமல் கிடக்கிறான். மாமனார் வந்திருக்கும்போது அவன் இருந்த இடத்தைவிட்டு எழுந்து நின்றதாகக்கூட ஞாபகம் இல்லை.

மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தீட்டுகிறவன். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிய வைத்தவனுக்கு, வீட்டில் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி படுத்துக்கிடப்பது மட்டும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அணில் எடுக்கிற காட்டுக்குத் தனியாகப் போய்ப் பள்ளத்தில் காலை விட்டு, கணுக்கால் பிசகி, போனும் செத்துப்போய், இரவு ஒன்பது மணிக்கு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அதற்குள் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. இன்னொரு தடவை இப்படிப் பயந்தால் குழந்தை தங்குவது சந்தேகம் என்று டாக்டரம்மாள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

அப்படியும் அவன் காட்டை விடவில்லை. மகளுக்கு அவனைத் தடுக்கத் தைரியமில்லை. தடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வானாம். அதனால் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நீங்க கூடப் போங்கப்பா. ஆளை முழுசா கூட்டிட்டு வந்துட்டா எனக்குப் போதும்."

"பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து போடறேன், நீ எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டு மாமனார் கிளம்பினார். முப்பத்திரண்டு வருஷம் மர அறுப்பு மில்லில் நின்றவர். இடது கைச் சுண்டுவிரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். மரத்தைப் படுத்த நிலையில்தான் அவருக்குப் பழக்கம். நிற்கிற மரத்தைப் பார்ப்பதற்கு பஸ் ஏறிப் போகிறவர்களை அவர் மனிதராக நினைத்ததில்லை.

காட்டுக்குள் போன பிறகுதான், தான் கூட வர மருமகன் ஏன் ஒத்துக்கொண்டான் என்பது மாமனாருக்குப் புரிந்தது. அணிலுக்கு ஒரு புத்தி உண்டு. ஆளைக் கண்டால் ஓடாது; அடிமரத்தைச் சுற்றி மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். எதற்குப் பயப்படுகிறதோ அதற்கும் தனக்கும் நடுவில் எப்போதும் மரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். அதனால் படக்காரர்கள் இரண்டு பேராகப் போவார்கள். ஒருவன் கேமராவோடு இந்தப் பக்கம் அசையாமல் கிடப்பான். இன்னொருவன் தடதடவென்று நடந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்பான். அவனிடமிருந்து ஒளிந்துகொள்வதாக நினைத்து அணில் கேமராவுக்கு நேராக வந்து உட்காரும். இதற்குப் பெயர் இயற்கைச் சூழலில் எடுத்த படம்.

"நீங்க அந்தப் பக்கம் போய்ச் சும்மா நின்னா போதும் மாமா. உங்களைப் பார்த்தா என் பக்கம் வந்துடும்."

"என் மூஞ்சி அவ்வளவு லட்சணமா, மாப்பிள்ளை?"

மருமகன் சிரிக்கவில்லை. அணில் விஷயத்தில் அவனுக்குச் சிரிப்பு வராது. "இங்க எல்லா அணிலுக்கும் என்னைத் தெரியும் மாமா. ரெண்டு வருஷமா வர்றேன்ல. நான் கிடந்தா கல்லு கிடக்கற மாதிரி விட்டுடும். உங்களைத்தான் தெரியாது, அதான் பயப்படும்."

மாமனாருக்கு வாயில் 'நீங்க' வரும், மனசுக்குள் 'இவன்'தான். பெண்ணைக் கொடுத்த இடம், வேறென்ன செய்ய. போய் நின்றார்.

முதல் மூன்று மரத்திலும் அவன் சொன்னபடியே நடந்தது. இவர் இருமிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். செம்பழுப்பு வால் ஒன்று பட்டையோடு பட்டையாக வழுக்கி மறையும். மறுபக்கம் கேமரா நறுக் நறுக்கென்று கடிக்கும். சோளக்கொல்லைப் பொம்மைக்காவது ஒரே இடத்தில் நின்றால் போதும், இவருக்கு நடை வேறு. மேலே எங்கோ கொட்டை கொறிக்கிற சத்தம், கொறித்த தோல் இலைமேல் விழுகிற சத்தம், இரண்டு அணில் ஒன்றையொன்று திட்டிக்கொள்கிற சத்தம் எல்லாம் சேர்ந்து சந்தைக்கடை மாதிரி இருந்தது காடு.

நான்காவது மரத்துக்குப் போகும் வழியில் மாமனாரின் செருப்புக்குள் முள் ஏறியது. நின்று, ஒரு காலைத் தூக்கி, மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு பிடுங்கினார். பிடுங்கிவிட்டு நிமிர்ந்தபோது அணில் இந்தப் பக்கம் இருந்தது.

அவர் இன்னும் சுற்றிப் போகவே இல்லை.

நாலு காலும் பரப்பி, தாடையைப் பட்டையில் அழுத்தி, ஆணி அடித்தது போல் இருந்தது. முதுகை இவர்கள் இரண்டு பேருக்கும் திறந்து காட்டிக்கொண்டு. மருமகன் மெதுவாகக் குந்தினான். நறுக் நறுக்.

"நான் அங்க போகவே இல்லையே" என்றார் மாமனார்.

"உங்களையும் பழகிடுச்சு மாமா."

மூன்று மரத்தில் பழகிவிட்டதாம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமனாருக்கு இவனே பழகவில்லை. அவர் மரத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் யாராவது இருக்க வேண்டும். இவனைப் போல் இன்னொரு வெட்டி ஆள், இவனைப் போலவே குழாயைத் தூக்கிக்கொண்டு. இல்லாவிட்டால் ஒதுங்க வந்தவன். "யாரப்பா அது?" என்று குரல் கொடுத்தார். மருமகன்தான் பதறி உதட்டில் விரலை வைத்தான்.

ஐந்தாவது மரத்திலும் அணில் இந்தப் பக்கம்தான். ஆறாவதிலும். அதன் பிறகு மாமனார் ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டுவிட்டு மொத்தமாகப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை எத்தனை அடிமரம் உண்டோ அத்தனையிலும், ஆள் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ, செம்பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் இவர்கள் பக்கம். கொட்டை கொறிக்கிற சத்தம் எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகமில்லை. இலை விழுகிற சத்தம்கூடக் கேட்டது. பதினொன்றரை மணி வெயில் கிளைகளுக்கு நடுவே சல்லடை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள், திறந்த வெளியில், வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருகிற வாடை லேசாக வந்தது. வந்தது, போய்விட்டது, மறுபடி வந்தது.

மருமகன் ஆனந்தத்தில் திளைத்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு நாள் கிடைத்ததே இல்லையாம். முதுகின் மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறதாம். அந்த மயிர் ஏன் சிலிர்த்து நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை மடையனுக்கு.

மில்லில் ஒரு கட்டையைப் பார்த்ததுமே மனசுக்குள் நூல் பிடித்துவிடுவார் மாமனார். வாள் எங்கே நுழையும், எங்கே வெளியே வரும் என்று கட்டையின் குறுக்கே ஒரு கோடு தானாக ஓடும். வேண்டாம் என்றாலும் ஓடும். இப்போதும் ஓடியது. ஒவ்வொரு அணிலிலிருந்தும் அது ஒட்டியிருக்கிற மரத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு. அணில் இங்கே ஒளிந்திருக்கிறது என்றால், அது பயப்படுகிற பொருள் அந்தக் கோட்டின் மறுமுனையில் இருக்க வேண்டும். ஏழு மரத்துக்கு நூல் பிடித்தார். ஏழு கோடும் ஒரே இடத்தில் போய் முட்டின.

அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பளவு புதர். புதர் அசையவில்லை. மேலே வெயில் விழுந்திருந்தது. எழுபது வயதுக் கண், கண்ணாடி வேறு மருமகன் தீட்டியது. இருந்தாலும் அங்கே ஒன்றும் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது ஓரத்து மரத்தில் இருந்த அணில் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு சாண். அடுத்த மரத்து அணில் ஒரு சாண். அதற்கடுத்தது. ஒரு நேரத்தில் ஒன்று. நிதானமாக. கடிகார முள் நகர்வதுபோல, தலையைத் தூக்காமல், வயிற்றைப் பட்டையில் தேய்த்துக்கொண்டு. மாமனார் மறுபடி நூல் பிடித்தார். கோடுகள் புதரில் முட்டவில்லை. பத்தடி வலப்பக்கம் வந்திருந்தன.

அங்கேயும் ஒன்றும் இல்லை.

அது நடந்துகொண்டிருந்தது. அவசரம் இல்லாமல். வட்டமாக.

"மாப்பிள்ளை, போதும். கிளம்பலாம்."

"மாமா, இன்னும் ஒரே ஒரு மரம்."

என்ன காரணம் என்று அவன் கேட்டிருந்தால் மாமனார் என்ன சொல்லியிருப்பார்? அணில் நகருகிறது, அதனால் பயமாக இருக்கிறது என்றா? வாள் விரலைத் தின்றபோது விரலைத் துணியில் பொட்டலம் கட்டிக்கொண்டு தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர். அணிலைக் கண்டு மாமனார் ஓடிய கதையை இந்தப் பயல் கண்ணாடிக் கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுவான். மில்லில் கோடு தப்பியதும் உண்டு. எத்தனையோ பலகை பாழாயிருக்கிறது. இதுவும் அப்படித்தான். பூச்சி ஏதாவது. பாம்பு ஏதாவது. படித்தவன் என்றால் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பான், படிக்காதவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கடைசி மரம் மூன்று பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரம். அதன் இந்தப் பக்கத்தில் மூன்று அணில் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், உடம்போடு உடம்பு ஒட்டி. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுந்தாலே கடித்துக் குதறிக்கொள்கிற ஜாதி. மூன்றின் விலாவும் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாமனார் நூல் பிடிக்கவில்லை. பிடிக்கத் தேவையில்லை.

மரத்துக்கு நேர் பின்னால்.

வாடை இப்போது வந்து போகவில்லை. வந்து நின்றுவிட்டது.

"மாமா," மருமகன் கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தான். "அந்தப் பக்கம் ஒரு கிளை வெளிச்சத்தை மறைக்குது. போய்க் கொஞ்சம் வளைச்சுப் பிடிங்க."

"எனக்கு முட்டி பிடிச்சிருக்கு."

பொய். வாழ்க்கையில் முட்டி வலி என்று அவர் உட்கார்ந்ததில்லை. மருமகன் உச்சுக்கொட்டினான். கேமராவை முக்காலியில் அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தான்.

"சரி, நானே போறேன். நீங்க அசையாம நில்லுங்க."

மாமனாரின் கை எழுந்தது. அவன் சட்டையைப் பிடிக்கத்தான் எழுந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நம்பியதாக ஆகிவிடும். எழுந்த கை திரும்பி வந்து தன் கழுத்தையே சொறிந்தது.

மருமகன் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். சருகு நொறுங்குகிற சத்தத்தை மாமனார் எண்ணினார். நாலு. ஐந்து. மரம் அவனை மறைத்தது. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாவது கேட்கவில்லை.

வெயில் அப்படியே இருந்தது. ஒரு அணில் கண்ணை மூடியது. தூங்காத அணில் கண்ணை மூடி அவர் பார்த்ததில்லை. இரண்டாவதும் மூடியது. கிளை வளைகிற சத்தம் இல்லை. மூச்சு இல்லை. இருமல் இல்லை. கூப்பிடலாம். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

பிறகு மரத்தின் மறு ஓரத்திலிருந்து மருமகன் வந்தான். சருகுமேல்தான் நடந்து வந்தான், ஒன்றும் நொறுங்கவில்லை.

மூன்று அணிலும் கண்ணைத் திறந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு, அவன் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வழுக்கி மறைந்தன. சுற்றிலும் இருந்த மரங்களில் சரசரவென்று ஒரு சத்தம். மாமனார் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தார். நூல் ஓடிவிட்டது. எல்லாக் கோடும் மருமகனின் சட்டையின் இரண்டாவது பொத்தானில் வந்து முட்டின.

"அங்க யாருமில்ல மாமா" என்றான்.

யாராவது இருக்கிறார்களா என்று மாமனார் அவனைக் கேட்கவே இல்லை.

"வீட்டுக்குப் போலாம். அவ காத்துட்டிருப்பா."

மூன்று வருஷமாக அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று மாமனார் காத்திருந்த பேச்சு. கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான். தூசி பட்டால் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல் துடைக்கிற கேமரா. மாமனார்தான் முக்காலியோடு அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஏதோ ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது, சிலருக்கு அப்படி வரும். கால்கூட நேராகிவிட்டது, சாய்க்காமல் நடக்கிறான். நல்லதுதானே.

வழி நெடுக மரங்கள் அவர்களுக்கு முன்னால் சரசரத்தன. அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து நடந்தார். காட்டு ஓரத்தில் ஏதோ ஒன்று மேலிருந்து அவர் மேல் விழுந்தது. நகம் சட்டையைத் துளைத்து நெஞ்சில் இறங்கியது. குட்டி அணில். நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. இதயம் அடிக்கிற அடி தன்னுடையதா அதனுடையதா என்று தெரியவில்லை. எப்போது பின்தங்கினானோ, மருமகன் பின்னால் வந்துகொண்டிருந்தான். மாமனார் நின்று ஒதுங்கி வழிவிட்டார். மருமகன் அவரைத் தாண்டி முன்னால் போனான். போகப் போக, குட்டி அவர் அக்குளைப் பிடித்து, தோள் வழியாக ஏறி, முதுகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் கையைப் பின்னால் விட்டு அதைப் பிய்த்தெடுத்துப் புதரில் எறிந்தார். கையெல்லாம் மூத்திரம். இலையில் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஒன்றும் நடக்கவில்லை. மருமகன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தான். வழக்கமாக எடுத்த படத்தை எல்லாம் காட்டிக் காதைத் தின்பான். தலைவலி மிச்சம்.

மூன்று மணிக்கெல்லாம் வீடு. மகள் சொல்பேச்சுக் கேட்காமல் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை கதவில். முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவு சீக்கிரமாவா? என்ன மந்திரம் போட்டீங்கப்பா?"

மருமகன் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனான். மாமனார் கேமராப் பையை நீட்டினார்.

"இதை நீங்க ஏன் தூக்கிட்டு வர்றீங்க?"

"மறந்துட்டார்."

"அவரா?" மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். வெளிச்சத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். "உள்ள வாங்கப்பா, டீ போடறேன்."

"நீ போய்ப் படு. எனக்கு வேலை இருக்கு."

ஒரு வேலையும் இல்லை. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தெரு ஓரத்தில் வரிசையாக மரங்கள். ஊர் அணில்கள், குப்பைத்தொட்டியில் தின்று கொழுத்தவை, ஆளுக்கோ காருக்கோ அசையாதவை. அவை வீட்டுப் பக்கத்தை விட்டுத் தெருப் பக்கம் வந்திருந்தன. ஒவ்வொரு மரத்திலும். நாலு காலும் பரப்பி. தாடையைப் பட்டையில் அழுத்தி.

மாமனார் நூல் பிடிக்கவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பினார். வாசலுக்கு நேர் மரத்தில் இருந்தது மட்டும் நகர்ந்தது. வலமிருந்து இடமாக, ஒரு சாண். அப்படியென்றால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று இடமிருந்து வலமாக நடக்கிறது. கூடத்தைத் தாண்டிவிட்டது. இன்னொரு சாண். சமையலறை வாசல். இன்னொரு சாண். வீட்டின் வலது ஓரத்தில் மகள் படுக்கிற அறை. ஜன்னல் திரை இழுத்துவிட்டிருந்தது. அந்த ஜன்னலுக்கு நேராகக் கோடு வந்ததும் அணில் நின்றது. மெதுவாகக் கண்ணை மூடியது.

புருஷன் பெண்டாட்டி இருக்கிற அறைக்குப் போகிறான். அதிலென்ன அதிசயம். அவள் கேட்டது முழு ஆளை, கொண்டுவந்து விட்டாயிற்று. அணில் என்ன கண்டது, கொட்டையைப் புதைத்துவிட்டு எங்கே புதைத்தோம் என்று மறந்துபோகிற ஜந்து. அதன் பேச்சைக் கேட்டு மகள் வீட்டுக் கதவைத் தட்டுகிற அளவுக்கு அவர் இன்னும் தாழ்ந்துவிடவில்லை.

நடந்தார். முதல் மரம். இரண்டாவது மரம். பின்னால் அந்த ஜன்னல் கம்பியில் ஏதோ ஒருமுறை தட்டியது, வளையல் மாதிரி. ஒரே ஒருமுறை. அவர் நம்பவில்லை. மூன்றாவது மரத்தின் தெருப் பக்கம் ஒட்டிக்கிடந்த அணிலை உரசாமல் ஒதுங்கி, தலையைக் குனிந்து, தெருமுனை வரை திரும்பாமல் நடந்துபோனார்.